டூர் டி பிரான்ஸ்காரர் சட்டைப் பையில் வெள்ளைச் சோறு! போட்டி நாளில் இவர்கள் என்னதான் சாப்பிடுகிறார்கள்?

#1 · ஈசிஆர்_சைக்கிள் · ஞாயிறு, இரவு 11:40

வணக்கம் மக்களே. நாலு வருஷமாக ஓரமாக நின்று படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்றைக்குத்தான் முதல் இழை திறக்கிறேன்.

வயது 48. சர்க்கரை வந்து மூன்று வருஷம். மதியச் சோறு ஒரு கரண்டி என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் அந்தக் கரண்டியையும் தலை தட்டித்தான் போடுகிறார்கள். ஞாயிறு காலையில் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்புவேன். ராத்திரி டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் பழைய மலை ஏற்றங்களை யூடியூபில் பார்ப்பேன். என் விளையாட்டு வாழ்க்கை இவ்வளவுதான்.

இன்றைக்குப் பார்த்தது 2023 டூரின் 17-வது கட்டம், கோல் டி லா லோஸ் ஏற்றம். மலை முகடு 2304 மீட்டர். வீரர்கள் சட்டையின் பின்பையில் கையை விட்டு ஈயத்தாளில் மடித்த சின்ன வில்லைகளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே போகிறார்கள். என்னவென்று தேடினால் சோறு! குழைய வடித்த வெள்ளைச் சோறு, சர்க்கரை போட்டது. அது போக ஜெல் (பிதுக்கி விழுங்கும் சர்க்கரைக் கூழ்), ஜூஸ், கோலா.

உலகத்திலேயே உடம்பைப் பேணுகிறவர்கள் இவர்கள். எனக்கு விஷம் என்று சொன்னதை இவர்கள் பையில் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். எப்படி? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · ராகிக்களி · திங்கள், காலை 6:05

இதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை சார். ஜெல் கம்பெனிக்காரன் காசு கொடுக்கிறான், இவர்கள் சாப்பிடுகிறார்கள். எங்கள் தர்மபுரிப் பக்கம் காலையில் களி உருண்டை தின்றுவிட்டு நாள் பூரா ஏர் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். ஒருத்தருக்கும் ஜெல் தேவைப்படவில்லை. கேழ்வரகு மெதுவாகச் செரிக்கும், பசி தாங்கும். வெள்ளை அரிசி, வெள்ளைச் சர்க்கரை இரண்டும் அரை மணியில் எரிந்து போகும்.

#3 · உணவியல்_உமா · திங்கள், காலை 9:20

ராகிக்களி அண்ணா, நீங்கள் கடைசியில் சொன்னீர்களே, “அரை மணியில் எரிந்து போகும்” என்று. அதற்காகத்தான் அவர்கள் சாப்பிடுகிறார்கள் :)

நான் விளையாட்டு வீரர்களுக்கு உணவுத் திட்டம் போடுகிறவள். (எந்த அணி என்று கேட்காதீர்கள்.) கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நம் தசைகளில் சேமித்து வைக்கக்கூடிய மாவுச்சத்து, நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கே 400, 500 கிராம். கல்லீரலில் இன்னொரு 100. எல்லாம் சேர்த்தால் 2000 கலோரிக்குக் கொஞ்சம் மேலே. டூரில் ஒரு மலை நாளில் ஒருத்தர் செலவழிப்பது 6000 கலோரிக்கு மேல். இதை 21 கட்டம், நடுவில் இரண்டே இரண்டு ஓய்வு நாள் என்று மூன்று வாரம் செய்ய வேண்டும். உடம்பில் கொழுப்பு எவ்வளவோ இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் கொழுப்பு விறகு மாதிரி, மெதுவாகத்தான் எரியும். மலையில் ஒருவர் தாக்கி முன்னேறும்போது பின்னாலேயே போக வேண்டுமென்றால் கேஸ் அடுப்பு வேண்டும். அந்த கேஸ்தான் சர்க்கரை.

அதனால் வண்டி ஓடும்போதே நிரப்புகிறார்கள். இப்போது பெரிய அணிகளில் மணிக்கு 90 முதல் 120 கிராம் மாவுச்சத்து. 120 கிராம் என்றால் டீஸ்பூன் கணக்கில் 24 சர்க்கரை. இட்லிக் கணக்கில் பன்னிரண்டு முதல் பதினைந்து இட்லி. ஒரு மணி நேரத்துக்கு! அப்படி ஐந்து மணி நேரம்.

இதற்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. குடலில் குளுக்கோஸ் உள்ளே போக ஒரு வாசல். அதில் மணிக்குச் சுமார் 60 கிராமுக்கு மேல் நுழையாது, வரிசை நின்றுவிடும். மிச்சம் குடலிலேயே தேங்கி வயிற்றைப் புரட்டும். ஆனால் ஃப்ரக்டோஸுக்கு வேறு வாசல். இரண்டையும் கலந்து கொடுத்தால் இரண்டு வாசலிலும் கூட்டம் போகும். ஜெல் கம்பெனிகள் கண்டுபிடித்து விற்பது இந்தக் கலவை விகிதத்தைத்தான். நம் வீட்டுச் சர்க்கரையும் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ்தான் என்பதை அவர்கள் சத்தமாகச் சொல்வதில்லை.

இப்போது ஈசிஆர் சாரின் கேள்வி. கடுமையாக வேலை செய்கிற தசை, இன்சுலின் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்காது. சுருங்கும்போதே ரத்தத்திலிருந்து சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். மலை ஏறுகிறவர் உடம்பில் போன சோறும், சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறவர் உடம்பில் போன சோறும் ஒரே சோறுதான், போகிற வழி வேறு. நீங்கள் மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர் என்றால் இதை வைத்து எதையும் மாற்றிவிடாதீர்கள், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

#4 · ராகிக்களி · திங்கள், காலை 9:48

சரி மேடம். அப்போ நார்ச்சத்து வேண்டாம், சிறுதானியம் வேண்டாம், சர்க்கரையைத் தின்னு என்கிறீர்களா? இதைப் படிக்கிற பிள்ளைகள் என்ன ஆகும்?

#5 · உணவியல்_உமா · திங்கள், காலை 10:30

போட்டி நாளுக்கும் மற்ற நாளுக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே முழு விஷயமும் அண்ணா. மலைக் கட்டத்துக்கு முந்தின நாளிலிருந்தே பல அணிகளில் நார்ச்சத்தைக் குறைத்துவிடுவார்கள். கீரை, பயறு, முழுத்தானியம், தோலோடு பழம் எல்லாம் ஓரம் போகும். முதல் காரணம், வயிறு கலங்கக் கூடாது. ஐந்து மணி நேரம் சைக்கிளில் இருக்கிறவருக்குக் கழிப்பறை எங்கே? இரண்டாவது, குடலில் தங்குகிற சக்கை எடைதானே. அதையும் ஏன் மலைமேல் தூக்கிக்கொண்டு போவானேன் என்கிற கணக்கு.

உங்கள் களிக்கும் ஒரு நல்ல செய்தி வைத்திருக்கிறேன். கென்யாவின் ஓட்டக்காரர்கள் தினமும் சாப்பிடும் உகாலி என்பது மக்காச்சோள மாவுக் களிதான். கிண்டி, உருட்டி, கையால் குழி செய்து கீரையைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். கேழ்வரகுக்குப் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்கா. அங்கே அதன் பேர் விம்பி, கூழுக்கு ஊஜி என்று பேர். அந்த ஓட்டக்காரர்களின் சாப்பாட்டை அளந்து 2004-ல் வந்த ஆய்வில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்து. அதோடு இன்னொன்றும் தெரிந்தது: மொத்த ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் சர்க்கரை. பால் டீயில் அள்ளி அள்ளிப் போடுகிறார்கள்.

#6 · ஈசிஆர்_சைக்கிள் · திங்கள், மதியம் 1:15

மேடம், பிரமாதம். ஆனால் ஒரு இடிக்கிற இடம். நான் பார்த்த அதே கட்டத்தில்தான் போகாச்சார் என்ற வீரர் தெம்பிழந்து பின்தங்கிவிட்டார். “நான் போய்விட்டேன், செத்துவிட்டேன்” என்று ரேடியோவில் அணியிடம் சொன்னாரே, அது. காலையில், முதலிடத்தில் இருந்த விங்ககோரை விட 1 நிமிடம் 48 விநாடிதான் பின்னால். சாயங்காலம் 7 நிமிடம் 35 விநாடி. அவருக்கும் மணிக்கணக்கில் ஊட்டிக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்?

#7 · உணவியல்_உமா · திங்கள், மதியம் 2:40

அன்றைக்கு அவர் சொன்னதைக் கேட்டால் புரியும். நிறையத்தான் சாப்பிட்டேன், எதுவும் காலுக்குப் போகவில்லை, எல்லாம் வயிற்றிலேயே நின்றது என்றார். காலையில் கட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கீழே விழுந்தும் இருந்தார். ஏதோ ஒரு காரணத்தைக் காட்டி இதனால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பொதுவான விஷயம் ஒன்று உண்டு: உடம்பு உச்சத்தில் உழைக்கும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் ஓடிவிடும், குடலுக்கு மிச்சம் மீதிதான். சூடு, பயம், அடி எது சேர்ந்தாலும் குடல் கடையை மூடிவிடும். வாயில் போட்டது வேறு, உடம்பில் சேர்ந்தது வேறு.

அதனால்தான் இப்போது “குடல் பயிற்சி” என்றே தனியாக வைக்கிறார்கள். வாராவாரம் பயிற்சியில் மணிக்கு 60, 75, 90 கிராம் என்று ஏற்றிக்கொண்டே போவது. கால் பழகுவது மாதிரி குடலும் பழகும்.

பசி எடுத்துத் தடுமாறுவதற்கு இன்னொரு டூர் உதாரணம் 2013, ஆல்ப் துவேஸ் மலை. மஞ்சள் சட்டையில் (மொத்தக் கணக்கில் முதலிடம்) இருந்த கிறிஸ் ஃப்ரூமுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. சாப்பாடு வாங்கத் தடை உள்ள கடைசிப் பகுதியில், சக வீரர் ரிச்சி போர்ட் அணி வண்டிக்குப் போய் ஒரு ஜெல் வாங்கிவந்து கொடுத்தார். இருவருக்கும் தலா 20 விநாடி தண்டனை. விரல் நீள ஜெல்லுக்கு 20 விநாடி. வாங்காமல் விட்டிருந்தால் நிமிடக் கணக்கில் போயிருக்கும். அவர்கள் கணக்குப் போட்டுத்தான் வாங்கினார்கள்.

#8 · வடலி · திங்கள், இரவு 8:55

உமா அக்கா சொன்ன குடல் பயிற்சியை நான் காசு குடுத்துப் படிச்சனான். இருவது வருசமா ரொறன்ரோவில இருக்கிறன், மரதன் மூண்டு ஓடியிருக்கிறன். முதலாவதில நடந்த கதை இது.

முதல் நாள் நம்பர் எடுக்கப் போன இடத்தில ஒரு கடைக்காரர் சும்மா நாலு ஜெல் குடுத்தவர். ஓசியில கிடைச்சா எங்கட ஆக்கள் விடுவமே? வழக்கமா நான் பயிற்சியில பேரீச்சம்பழமும் தண்ணியும்தான். அண்டைக்கு இந்தப் புது ஜெல்லை 10, 18, 25 எண்டு மூண்டு இடத்தில விழுங்கினன். தண்ணியும் குடிக்கேல்லை. 32ஆவது கிலோமீற்றரில சத்தி, வாந்திதான். றோட்டு ஓரத்தில குந்திக்கொண்டு இருக்கிறன், ஒரு சின்னப் பெட்டை எனக்குக் கை தட்டி உற்சாகம் குடுக்குது. என்ர வாழ்க்கையில அவ்வளவு வெக்கப்பட்டதில்லை.

உச்சத்தில ஓடுற ஆக்களைப் பாத்தா அவை ஒண்டையும் அதிட்டத்துக்கு விடுறேல்லை. ஐஞ்சு கிலோமீற்றருக்கு ஒரு மேசை, அதில அவையவையின்ர போத்தல். தூரத்திலயே தெரியவேணும் எண்டு கொடி, கலர் ரேப், கம்பி வளையம் எல்லாம் ஒட்டி வச்சிருப்பினம். 2018 பெர்லினில கிப்சோகே 2:01:39 ஓடி உலக சாதனை வைக்கேக்க, அவருக்குப் போத்தல் எடுத்துக் குடுத்த தொண்டர் ஒருத்தர் இருந்தவர், கிளவுஸ் எண்டு பேர். சைக்கிளில ஒவ்வொரு மேசைக்கும் முந்திப் போய் நிண்டு, கையில வடிவாச் சேர்த்துப்போட்டு, துள்ளிக் குதிப்பார். சாதனையை விட எனக்கு அந்த மனுசன்ர துள்ளல்தான் நினைவில நிக்குது. ஒரு போத்தல் தவறினா அடுத்த ஐஞ்சு கிலோமீற்றர் வெறும் வயிறுதானே.

இதில சரிவராத ஆக்களும் இருக்கினம்: தோக்கியோ ஒலிம்பிக் மரதனில பிரான்ஸ்காரர் ஒருத்தர் தண்ணி எடுக்கப் போய் மேசையில இருந்த வரிசைப் போத்தல் முழுக்கத் தட்டி விழுத்திப்போட்டுக் கடைசிப் போத்தலை எடுத்தவர். வேணுமெண்டு செய்தவரோ வழுக்கினதோ எண்டு இண்டைக்கும் சண்டை.

#9 · சும்மா_வந்தேன் · திங்கள், இரவு 9:10

இவ்வளவு கணக்கும் எதற்கு? உசேன் போல்ட் 2008 பெய்ஜிங்கில் ஒரு நாளைக்கு நூறு சிக்கன் நகெட் சாப்பிட்டு 9.69-ல் ஓடினார். கடைசியில் மார்பைத் தட்டிக்கொண்டு வேறு. ஷூ லேஸ் கூட அவிழ்ந்திருந்தது.

#10 · உணவியல்_உமா · திங்கள், இரவு 9:35

பத்து நாளில் ஆயிரம் நகெட் என்று அவரே சொன்ன கணக்கு அது. ஆனால் நூறு மீட்டருக்கு எரிபொருள் பிரச்சினையே கிடையாது. பத்து விநாடி ஓட்டத்துக்குத் தசையில் ஏற்கெனவே இருப்பதே போதும். அவருக்கு அங்கே தேவைப்பட்டது, பழக்கமில்லாத சாப்பாட்டில் வயிறு கெடாமல் இருப்பது. எந்த ஊரிலும் ஒரே ருசி, ஒரே பக்குவம் என்பதால் நகெட். வயிறு கெட்டுப் படுத்திருந்தால் அந்த லேஸ் அவிழ்ந்ததைப் பார்க்க நாம் யாரும் இருந்திருக்க மாட்டோம். அவர் அப்பாவைக் கேட்டபோது ட்ரெலானி ஊர் சேனைக்கிழங்குதான் காரணம் என்றார் :)

(அவர் சொன்ன ‘யாம்’ (yam) கிழங்கு நம் சேனை அல்ல, வள்ளிக்கிழங்கு வகை என்று யாராவது திருத்துவதற்குள் நானே திருத்திக்கொள்கிறேன்.)

#11 · சேப்பாக்கம்_74 · செவ்வாய், காலை 7:30

சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், தண்ணீரைப் பற்றி நான் சொல்கிறேன்.

1986 செப்டம்பர். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா சேப்பாக்கத்துக்கு அழைத்துப்போனார். பிற்பாடு டையில் முடிந்த அந்த ஆஸ்திரேலியா டெஸ்ட். சென்னை செப்டம்பர் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: வெயில் ஒரு பக்கம், கடற்காற்று நின்றுவிட்டால் வருகிற புழுக்கம் இன்னொரு பக்கம். ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த எங்களுக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அப்பா நீர்மோர் பாட்டிலைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

நடுவில் டீன் ஜோன்ஸ். 503 நிமிஷம் ஆடினார், 210 ரன். நடுவில் ஸ்டம்பு பக்கமாகப் போய் வாந்தி எடுத்தார். பந்து வரும், அடிப்பார், திரும்பவும் குனிவார். குடித்துவிட்டு வந்திருக்கிறாரா என்று எங்கள் வரிசையில் ஒருத்தர் கேட்டார், நாங்கள் சிரித்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. 170-ஐத் தாண்டி, முடியவில்லை, போகிறேன் என்றாராம். எதிரில் நின்ற கேப்டன் பார்டர், சரி போ, நெஞ்சுரம் உள்ள ஒரு குவீன்ஸ்லாந்துக்காரனைக் கூப்பிடுகிறேன் என்று சீண்டினாராம். நின்று ஆடினார். அவுட் ஆன பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் சலைன் ஏற்றினார்கள்.

இன்றைக்கு மூன்று ஓவருக்கு ஒரு தரம் பன்னிரண்டாவது ஆள் பாட்டிலோடு ஓடிவருவதைப் பார்த்து என் பையன், “ஆட்டத்தை இழுக்கிறாங்கப்பா” என்கிறான். அவனுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

#12 · ராகிக்களி · செவ்வாய், காலை 8:02

அருமை சார். இதில் நான் ஒத்துப்போகிறேன். தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் தப்பில்லை.

#13 · உணவியல்_உமா · செவ்வாய், காலை 9:15

மன்னிக்கணும் அண்ணா, அதிலும் தப்பு இருக்கிறது.

2002 பாஸ்டன் மரத்தானில் ஓடி முடித்தவர்கள் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்கு உப்பு இயல்பான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. அந்த ஆண்டு ஓட்டத்தில் ஓர் இளம்பெண் இதனாலேயே இறந்தார். காரணம் தண்ணீர் குறைவு அல்ல, அதிகம். “தாகம் எடுப்பதற்கு முன்னாலேயே குடி” என்று பத்திரிகைகள் சொல்லிச் சொல்லி, மெதுவாக ஓடுகிறவர்கள் ஒவ்வொரு மேசையிலும் நின்று குடித்தார்கள். ரத்தம் நீர்த்துப்போகும், மூளை வீங்கும்.

எனவே தண்ணீரோடு உப்பும் கொஞ்சம் சர்க்கரையும். குடலில் உப்பும் குளுக்கோஸும் ஒரே வாசலில் கைகோத்துத்தான் நுழையும், தண்ணீர் அதன் பின்னால் வரும். குழந்தைகளுக்குப் பேதியில் கொடுக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தின் தத்துவமும் அதேதான். சேப்பாக்கம் சார், உங்கள் அப்பா கொடுத்த உப்புப் போட்ட நீர்மோர் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்க நல்ல ஏற்பாடு. ஓடுகிறவருக்குப் பால் சிலசமயம் வயிற்றில் புளிக்கும்.

#14 · பளுதூக்கிய_பாவை · செவ்வாய், இரவு 10:20

எல்லாரும் எப்படி உள்ளே போடுவது என்று பேசுகிறீர்கள். எங்கள் உலகம் நேர்மாறு. எப்படி வெளியே எடுப்பது என்பதுதான்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஜூனியர் பிரிவில் பளுதூக்கினேன். எங்கள் விளையாட்டில் போட்டி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் எடை பார்ப்பார்கள், அதற்கு ஒரு மணி நேரம் தருவார்கள். ஒரு மாநிலப் போட்டியில் தராசு எனக்கு 300 கிராம் கூடக் காட்டியது. உடன் வந்த பயிற்சியாளர் ரெயின்கோட்டைப் போட்டுவிட்டு மண்டபத்தைச் சுற்றி ஓடச் சொன்னார். பிறகு வாயில் புளிப்பு மிட்டாயை அடக்கிக்கொண்டு ஒரு பாட்டிலில் துப்பிக்கொண்டே இருந்தேன். எச்சிலும் எடைதானே. கடைசி ஐந்து நிமிஷத்தில் ஏறி நின்றேன், முள் சரியாக நின்றது. இறங்கிய உடனே நடைபாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அம்மா கொண்டுவந்த இட்லியில் சர்க்கரையைத் தொட்டு எட்டு இட்லி. அம்மா விசிறிக்கொண்டே அழுதார். அன்றைக்கு முதல் தூக்கலிலேயே கண் இருட்டியது, பதக்கமெல்லாம் கிடையாது.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட்டின் 100 கிராம் செய்தி வந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. பாரிஸ், 2024 ஆகஸ்ட் 7. 50 கிலோ பிரிவு. முந்தின நாள் காலையில் எடை சரியாக இருந்தது. ஒரே நாளில் மூன்று பேரை ஜெயித்தார், அதில் முதல் ஆள் யூயி சுசாகி, அதுவரை வெளிநாட்டவர் யாரிடமும் தோற்றதே இல்லாதவர். மூன்று சண்டைக்கு நடுவில் ஏதாவது சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும்? சாப்பிட்டார், குடித்தார். சாயங்காலம் எடை சுமார் இரண்டே முக்கால் கிலோ கூடிவிட்டது. ராத்திரி பூரா தூங்காமல் ஓட்டம், நீராவி அறை. முடியைக் கூட வெட்டினார்கள். விடிந்து தராசில் 50 கிலோ 100 கிராம். மல்யுத்தத்தில் இரண்டாம் நாளும் எடை பார்ப்பார்கள், தவறினால் இறுதிப்போட்டி மட்டுமல்ல, கடைசி இடம். மேல்முறையீடும் ஆகஸ்ட் 14-ல் தள்ளுபடி.

அவரோடு போனவர்களைத் திட்டியவர்களும் உண்டு, அவரையே திட்டியவர்களும் உண்டு. எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது: உமா மேடம், ஒரு நாளில் இரண்டே முக்கால் கிலோ எப்படி ஏறும்? அவ்வளவா சாப்பிட்டார்?

#15 · உணவியல்_உமா · செவ்வாய், இரவு 11:05

பாவை, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

அவ்வளவு சாப்பிட வேண்டியதே இல்லை. காய்ந்துபோன உடம்பு பஞ்சு மாதிரி. தசையில் ஒரு கிராம் மாவுச்சத்து சேரும்போது கூடவே சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். எடையைக் குறைக்க முதலில் வெளியேற்றுவதும் இந்தத் தண்ணீரைத்தான். ஆக, திரும்ப நிரப்பினால் பெருகத்தான் செய்யும். நிரப்பாவிட்டால் சண்டை போடத் தெம்பு இருக்காது. நிரப்பினால் காலையில் தராசு. இந்த இடுக்கில் ஒரு மனிதரை நிறுத்துகிற விதியைத்தான் நான் கேள்வி கேட்பேன், தட்டில் எத்தனை கிராம் வைத்தார்கள் என்பதை அல்ல.

அதே பாரிஸில் அமன் செராவத் 57 கிலோ பிரிவில் அரையிறுதி முடிந்த ராத்திரி பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ இறக்கினார், வெண்கலமும் வாங்கினார். அதை எல்லாரும் வீரக்கதையாகச் சொன்னார்கள். இரண்டும் ஒரே கதை, 100 கிராம்தான் வித்தியாசம்.

#16 · பளுதூக்கிய_பாவை · செவ்வாய், இரவு 11:12

நன்றி மேடம். டோக்கியோவில் வெள்ளி வாங்கியதும் மீராபாய் சானு முதலில் பீட்சா சாப்பிடணும் என்றாரே, ஊரெல்லாம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

#17 · காய்_நகர்த்தி · புதன், காலை 6:50

நான் ஒரு சதுரங்க அப்பா. மகளுக்குப் பதினொன்று. எங்களையும் விளையாட்டில் சேர்ப்பீர்களா? சதுரங்கம் ஆடுகிறவர்கள் ஒரு நாளைக்கு 6000 கலோரி எரிக்கிறார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் போட்டியன்று என்ன கொடுப்பது?

#18 · உணவியல்_உமா · புதன், காலை 10:10

சேர்ப்போம், ஆனால் 6000-ஐச் சேர்க்க மாட்டோம். அது டூரில் மலை ஏறுகிறவர் கணக்கு. உட்கார்ந்து யோசிப்பதால் மூளை எரிக்கும் அளவு பெரிதாக மாறாது. படபடப்பில் இதயம் வேகமாக அடிக்கும், பசி மறந்து சாப்பாட்டைத் தவறவிடுவார்கள். எடை குறைவது பெரும்பாலும் அதனால். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் பழகிய சாப்பாடு, கையில் தண்ணீர், ஒரு வாழைப்பழம். போதும்.

“பழகிய” என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமி இண்டக்ஷன் அடுப்பும் பாத்திரமும் அரிசியும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனது ரசத்தில் ஏதோ மந்திரம் இருப்பதால் அல்ல. 2023-ல் பாகுவில் உலகக் கோப்பை இறுதியில் பிரக்ஞானந்தா, கார்ல்சன் எதிரே உட்கார்ந்தாரே, அந்த முதல் ஆட்டத்துக்குக் கார்ல்சன் வந்ததே சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிறு கெட்டுச் சோர்ந்துபோய். கோப்பை கடைசியில் அவருக்குத்தான். ஆனாலும் அந்த ஒரு வாரம் யார் வயிறு நிம்மதியாக இருந்தது என்று பாருங்கள்.

#19 · சேப்பாக்கம்_74 · புதன், காலை 11:30

சதுரங்கச் சாப்பாடு என்றால் தயிரை விட்டுவிடலாமா? 1978, பிலிப்பைன்ஸில் பாகியோ. கார்ப்போவ், கோர்ச்னோய் உலகப் பட்டப் போட்டி. ஆட்டத்தின் நடுவில் கார்ப்போவுக்கு ஒரு கிண்ணம் பழத்தயிர் வந்தது. எதிர்த்தரப்பு புகார் எழுதியது: என்ன நிறத் தயிர், எத்தனை மணிக்கு வருகிறது என்பதே ரகசியச் சைகையாக இருக்கலாமாம்! கடைசியில் ஒரே நிறத் தயிர், குறித்த நேரத்தில் மட்டும் என்று தீர்ப்பானது. நம்மூர் தயிர்சாதத்தை மேசைக்குக் கொண்டுபோயிருந்தால் கடுகு எத்தனை, கறிவேப்பிலை எத்தனை என்று எண்ணியிருப்பார்கள்.

#20 · நடுவர் · புதன், மதியம் 12:00

இழையில் புரதப் பவுடர் விளம்பரம் போட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. தொடருங்கள்.

#21 · வடலி · புதன், இரவு 9:40

பவுடர் எண்ட கதை வந்தபடியால கேக்கிறன். ஊக்கமருந்துச் சோதனையில மாட்டினவை எல்லாரும் “சாப்பாட்டில கலந்திருந்தது” எண்டு சொல்லுறது உண்மையோ, சாட்டோ?

#22 · உணவியல்_உமா · புதன், இரவு 10:25

இரண்டும் உண்டு. 2010 டூரில் க்ளென்பியூட்டரால் என்ற மருந்தில் சிக்கிய சைக்கிள் வீரர் கொந்தாதோர் மாட்டிறைச்சியைக் காட்டினார். நடுவர் மன்றம் ஏற்கவில்லை, இரண்டு வருஷத் தடை. ஆனால் 2011-ல் மெக்சிகோவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் கால்பந்து உலகக் கோப்பையில் எடுத்த 208 மாதிரிகளில் 109-ல் அதே க்ளென்பியூட்டரால். பாதிக்கு மேற்பட்ட பையன்கள் ஊசி போட்டுக்கொண்டார்கள் என்று யாரும் நம்பவில்லை. மாட்டைக் கொழுக்க வைக்கக் கொடுத்த மருந்து கறியில் வந்திருந்தது. அதிலிருந்து சில ஊர்களுக்குப் போகும்போது ஹோட்டல் கறியைத் தொடவே கூடாது என்று அணிகள் சொல்லிவிடும். சைவக்காரர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் நிம்மதி. பவுடர் டப்பாவுக்கு அந்த நிம்மதி கிடையாது; டப்பாமேல் எழுதியிருப்பது மட்டும்தான் உள்ளே இருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

#23 · ராகிக்களி · வியாழன், காலை 5:55

உமா மேடம், மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அக்கா பையன் ஜில்லா அளவில் 5000 மீட்டர் ஓடுகிறான். ஓட்டத்தன்று காலையில் நான்தான் பலமாக இருக்கட்டும் என்று இரண்டு உருண்டை களியும் கீரைக் குழம்பும் கொடுத்து அனுப்புவேன். “மாமா, வயிறு கல்லு மாதிரி இருக்கு” என்பான். ஓட்டத்துக்குப் பயந்து சொல்கிறான் என்று நினைத்திருந்தேன். என்ன கொடுக்கட்டும்?

#24 · உணவியல்_உமா · வியாழன், காலை 8:40

5000 மீட்டருக்கு ஓடும்போது எதுவும் வேண்டாம் அண்ணா. கால் மணி, இருபது நிமிஷ வேலை. முந்தின நாள் மதியம் தாராளமாகக் களி கொடுங்கள். காலையில் மூன்று மணி நேரம் முன்னால் இட்லி, கொஞ்சம் சர்க்கரையோ தேனோ. சாம்பார் வேண்டாம். கீரையை ஓடி முடித்த பிறகு, கறியோ முட்டையோ பயறோ சேர்த்து. ஆனால் இதையும் போட்டியன்று முதல்தடவையாகச் செய்யாதீர்கள், அடுத்த ஞாயிறு பயிற்சியில் ஒரு தரம் பாருங்கள். அவன் வயிறு சொல்வதைக் கேளுங்கள்.

#25 · ஈசிஆர்_சைக்கிள் · ஞாயிறு, காலை 11:20

இழை தொடங்கியவன் திரும்ப வந்துவிட்டேன். டாக்டரிடம் கேட்டேன். சைக்கிள் ஓட்டும் நேரத்தில் மட்டும், சின்ன அளவில், முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம் என்றார். போதாதா!

நேற்று ராத்திரி நானே வில்லை செய்தேன். பச்சரிசியைக் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால், கொஞ்சம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. தட்டில் தட்டி, ஃபிரிட்ஜில் வைத்து, துண்டு போட்டு ஈயத்தாளில் மடித்தேன். வீட்டம்மா வந்து ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, “முந்திரியும் நெய்யும் போடாத சர்க்கரைப் பொங்கலுக்கா ராத்திரி பதினோரு மணிவரைக்கும் அடுப்படியில நின்னீங்க?” என்றாள்.

கோவளம் தாண்டியதும் டூர்க்காரர் மாதிரி பின்பையிலிருந்து எடுத்தேன். ஒரு கையால் ஹேண்டில்பார், ஒரு கையால் பிரிக்கணும். பிரியவில்லை. பல்லால் இழுத்தேன். பாதி சோறு, பாதி ஈயத்தாள். பல் அடைத்த இடத்தில் ஈயத்தாள் பட்டால் சுரீரென்று ஒரு வலி வரும் பாருங்கள், அது. ஓரம் கட்டி நிறுத்தித் துப்பினேன். பக்கத்தில் வந்து நின்ற நாய்க்கு மிச்சம் போனது. அதுவும் தாளைத்தான் முதலில் நக்கியது.

ஒரே கையால் பிரிகிற மாதிரி எப்படி மடிக்கிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா?